ஒன்பதாம் இலக்கக் கெல்லருக்கு வந்த குளிர்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் திகதி, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, டுசல்டோர்ஃப் நகரின் கெரெஸ்ஹைம் பகுதியிலுள்ள ஒரு நாலுமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் இலக்கக் கெல்லரில் வடதுருவப் பக்கத்துக் குளிர் வந்து குடியேறியது. கெல்லர் என்பது கட்டடத்தின் அடியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பலகைச் சட்டங்களால் மறித்துக் கொடுக்கப்படும் நிலவறை. ஒன்பதாம் இலக்கம் குணசேகரம் வீட்டுக்காரருடையது. அதற்குள் மூன்று அரிசி மூட்டை, இரண்டு சைக்கிள், தேங்காய்ப்பால் பேணிகள் அடுக்கிய ஒரு தட்டு, சில்லு கழன்ற பயணப்பெட்டி ஒன்று ஆகியவை இருந்தன. அந்தக் கோடையில் ரைன் ஆறு வற்றி, சரக்குக் கப்பல்கள் பாதிச் சுமையோடு போய்வந்துகொண்டிருந்தன. அரிசி எடுக்க இறங்கிய குணசேகரம், சுவர் நாலிலும் இறகு இறகாக வெண்பனி பூத்திருப்பதையும், தன் மூச்சு முகத்துக்கு முன்னால் புகைவதையும் கண்டார். மேலே போய்க் குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, அரிசியை எடுத்து, கதவைப் பூட்டினார். பிறகு மனைவி குமுதினியிடம், கீழே குளிராகக் கிடக்கிறது என்று சொன்னார். கதவை ஒழுங்காகச் சாத்தினீங்களோ, மற்ற ஆட்களின் சாமான் பழுதாகப் போகுது என்று குமுதினி கேட்டார்.

மற்ற ஆட்களின் சாமானுக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர் பலகை இடைவெளிகளைத் தாண்டி ஒரு விரற்கடைகூட வெளியே வரவில்லை. பக்கத்து எட்டாம் இலக்கத்தில் திருமதி ஹோல்ஷர் காயவைத்திருந்த வெங்காயம் அப்படியே இருந்தது. சட்டத்துக்குள்ளால் கையை விட்டால் விரல்கள் தை மாதத்திலும் முழங்கை ஆவணி மாதத்திலும் இருந்தன. கட்டடப் பராமரிப்பாளர் வந்து குழாய்களைத் தட்டிப் பார்த்தார். மின்சாரக்காரர் வந்து, இந்த அறைக்கு ஒரு விளக்கைத் தவிர வேறு இணைப்பே இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். குணசேகரம் சமையலறை மருந்துப் பெட்டியிலிருந்த வெப்பமானியை எடுத்துப்போய் வைக்க, அது காய்ச்சல் பார்க்கிற சாமான் என்பதால் ஒன்றும் காட்டவில்லை. அவருக்கு அப்போது வயது அறுபத்தொன்று. இருபத்தேழு வருடமாக ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில், கொதிநீராவிக்கு நடுவில் வேலை செய்துவந்தார். வேலையால் வந்து கெல்லருக்குள் கொஞ்ச நேரம் நிற்பது உடம்புக்குச் சுகமாக இருக்கிறது என்பதை அவர் முதல் இரண்டு நாளும் யாருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மகள் நிலக்சி பான் நகரிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். முப்பத்திரண்டு வயது. டுசல்டோர்ஃபில் பிறந்து வளர்ந்தவள். பானில் ஓர் ஆய்வு நிறுவனத்தில், கோடையிலும் உருகாத வடக்கு நிலங்கள் இப்போது எப்படி உருகுகின்றன என்று படிப்பதும், படித்ததை அங்குள்ள சனங்களுக்கும் இங்குள்ள சனங்களுக்கும் விளங்கச் சொல்வதும் அவள் உத்தியோகம். அப்பா சொன்னதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் படியிறங்கினாள். கடைசிப் படியில் சிரிப்பு நின்றுவிட்டது. திமிங்கிலக் கொழுப்பும் உப்பும் பழைய மரமும் கலந்த அந்த மணத்தை அவள் தன் வாழ்நாளில் ஒரேயோர் இடத்தில்தான் அறிந்திருந்தாள். பையிலிருந்த அளவுகருவியை உள்ளே வைத்துக் கால் மணித்தியாலம் காத்திருந்தாள். மறை ஆறு தசம் நாலு பாகை. அந்த எண்ணையும் அவளுக்குத் தெரியும். அன்று அவள் சாப்பிடாமலே பானுக்குத் திரும்பிப் போனாள்.

கனடாவின் வட கரையில், ஆர்க்டிக் கடலைப் பார்த்தபடி எண்ணூறு பேர் வாழும் ஒரு குடியிருப்பு இருக்கிறது. தங்கள் ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த ஊர்ச் சபை ஆய்வாளர்களிடம் கேட்டிருப்பதால் இங்கும் எழுதப்படவில்லை. அங்கே குடும்பங்கள் உறைந்த நிலத்தில் ஏணி இறங்கிப் போகும் ஆழத்துக்குக் கிடங்கு தோண்டி, வெண்திமிங்கில இறைச்சியையும் மீனையும் காட்டு வாத்தையும் வைத்து, அடுத்த பருவம் வரை சாப்பிடுவார்கள். நிலமே குளிர்ப்பெட்டி. நிலக்சி 2017இலும் 2018இலும் மொத்தம் ஐந்து மாதம் அங்கே தங்கினாள். தங்கியது தெல்மா என்ற பெண்ணின் வீட்டில். தெல்மா வீடு வீடாகக் குடிதண்ணீர் கொண்டுபோகும் லொறியை ஓட்டுபவர்; நிலக்சியைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். திமிங்கிலப் பருவத்தில் தம்பி நோவாவோடு படகில் போவார். அவர்களுடைய கிடங்கின் சுவரில்தான் நிலக்சி தன் முதல் வெப்பக் கருவிகளைப் பொருத்தினாள். நாலு வருடமாக அவை மறை ஆறு தசம் நாலு என்றே பானுக்கு எண் அனுப்பிக்கொண்டிருந்தன.

2018 ஏப்ரலில், ஆய்வு முடிந்து, பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் ஊர்க்கூட்டம் வைத்தார்கள். அறிக்கையில் இருந்தது இது: கிடங்குகள் இன்னும் நாலு வருடத்திலிருந்து இருபத்தைந்து வருடத்துக்குள் எப்போதாவது உருகிப் போகலாம், எப்போது என்று இப்போது சொல்ல ஏலாது. அதைச் சனங்களுக்கு எப்படிச் சொல்வது என்று நிலக்சி இரண்டு நாள் யோசித்தாள். சனங்களுக்கு ஓர் எண்தான் நினைவிருக்கும், இரண்டு எண் சொன்னால் குழம்பிப்போவார்கள் என்று அவளுக்குப் படிப்பித்திருந்தார்கள். அவளும் அதை நம்பினாள். ஆகவே திரையில் பெரிதாக, சுமார் இருபது வருடம் என்று போட்டாள். அதை நம்பலாமா என்று தெல்மா எழும்பிக் கேட்டார். நிலக்சி, ஓம் என்றாள். அந்த ஊருக்கு வருடத்தில் ஒரேயொரு முறைதான் கட்டுமானச் சாமான் ஏற்றிய தெப்பக்கப்பல் வரும். பொதுக் குளிரறை ஒன்று கட்டுவதா, பள்ளிக்கூடக் கூரையை மாற்றுவதா என்று சபை யோசித்துக்கொண்டிருந்த வருடம் அது. இருபது வருடம் இருக்கிறதே என்று கூரையை மாற்றினார்கள். நிலக்சி மறுவருடம் வருவதாகச் சொல்லிப் போனாள். மறுவருடம் வேறு வேலை வந்தது. அதற்கடுத்த வருடம் நோய்த்தொற்று வந்து விமானங்களை நிறுத்தியது. நூற்றுநாற்பது பக்க அறிக்கை மட்டும் மின்னஞ்சலில் போனது.

பானுக்குத் திரும்பிய நிலக்சி கணினியைத் திறந்து பார்த்தாள். தெல்மாவின் கிடங்குக் கருவிகள் வெள்ளிக்கிழமை அவ்வூர் நேரம் காலை ஒன்பது பத்தோடு நின்றிருந்தன. ஜெர்மனியில் அது பின்னேரம் ஐந்து பத்து. கடைசியாக வந்த எண், சுழியம். செவ்வாய்க்கிழமை ஊர்ச் சபையிலிருந்து மூன்று வரியில் கடிதம் வந்தது. கடற்கரைப் பக்கத்து நிலம் இடிந்து கிடங்குக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. எடுக்கக்கூடியதை எடுத்தார்கள். எடுத்த மீனைச் சாப்பிட்ட நோவாவுக்குக் கண்ணிமை திறக்க முடியாமல், பேச்சு வராமல், மூச்சு முட்டி, விமானத்தில் தெற்கே கொண்டுபோயிருக்கிறார்கள். பழுதான மீனில் உண்டாகும் ஒருவகை நஞ்சு என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அவர் பத்தொன்பது நாள் இயந்திரத்தின் மூச்சில் கிடந்து, பிழைத்தார். ஆனால் வலது கையில் பலம் வர நெடுநாள் எடுத்தது. அடுத்த இரண்டு திமிங்கிலப் பருவத்தையும் அவர் கரையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துதான் பார்த்தார்.

நிலக்சியின் மேலதிகாரி நல்ல மனிதர், கோபக்காரரும் அல்லர். அறிக்கையில் நாலு என்று எழுதித்தானே இருக்கிறோம், நாலு வருடத்தில் நடந்திருக்கிறது, எங்கள் கணிப்புக்குள்தான் நடந்திருக்கிறது என்றார். அது சரியான கதை. அந்தச் சரியான கதையோடு நிலக்சியால் மூன்று கிழமை நித்திரை கொள்ள முடியவில்லை. நாலாம் கிழமை தெல்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, எழுதியது நாலிலிருந்து இருபத்தைந்து, சொன்னது இருபது, சுருக்கியது நான், மன்னியுங்கள் என்று சொன்னாள். மறுமுனையில் தண்ணீர் லொறியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள், உங்களுடைய குளிர் இப்போது என்னுடைய அப்பாவின் கெல்லரில் இருக்கிறது என்றும் சொன்னாள். சொன்னபிறகுதான் அது எப்படிப்பட்ட கதை என்று அவளுக்கு உறைத்தது. தெல்மா அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. போன குளிர் எங்கேயாவது போயிருக்கத்தானே வேண்டும் என்றார். எத்தனை பாகை என்று கேட்டார். மறை ஆறு தசம் நாலு என்றதும், அப்படியென்றால் கதவை அடிக்கடி திறக்க வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல் என்று வைத்துவிட்டார். மற்ற விடயத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் சொல்லவில்லை.

மகள் அதை வந்து சொன்னதும், குணசேகரம் அன்றிலிருந்து கெல்லருக்குள் நிற்பதை நிறுத்தினார். அரிசி மூட்டைகள் படுக்கையறைக்கு ஏறின. சைக்கிள்கள் முற்றத்துக்குப் போயின. டுசல்டோர்ஃபிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த தமிழ்ச் சனங்கள் கேள்விப்பட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். கலியாண வீடு வைத்திருந்த சுந்தரேஸ்வரி, ஐம்பது கிலோ மீனை இரண்டு நாளைக்கு உள்ளே வைக்கலாமா என்று கேட்டபோது குமுதினி சம்மதிக்கவில்லை. ஆறுதலாக, ஆனால் வேறு பேச்சுக்கு இடமில்லாமல் சொன்னார்.

“அது எங்கடை சாமான் இல்லை, அக்கா. ஆரின்ரையோ குளிர் வந்து நிக்குது. வந்து நிக்கிற இடத்திலை நாங்கள் அதைக்கொண்டு வேலை வாங்கேலாது.”

கட்டட நிர்வாக அலுவலகம் அவ்வளவு ஆறுதலாக இருக்கவில்லை. அனுமதியில்லாமல் களஞ்சியப்படுத்திய குளிரைச் செப்டம்பர் முப்பதுக்குள் அகற்றவும் என்று கடிதம் வந்தது. குணசேகரம் டெர்மின் எடுத்து, அதாவது சந்திக்க நேரம் குறித்து, நல்ல உடுப்புப் போட்டுப் போய், தான் களஞ்சியப்படுத்தவில்லை என்றும் அது தானாக வந்தது என்றும் விளக்கினார். எங்கிருந்து வந்தது, ஏன் அங்கேயே இருக்கவில்லை, திரும்பிப் போக இடமுண்டா என்று அங்கிருந்த பெண் கேட்டு எழுதிக்கொண்டார். நிலம் இடிந்து தண்ணீராகிவிட்டது, திரும்பிப் போக இடமில்லை என்று இவர் சொன்னார். அக்டோபரில் அவர்கள் மூன்று வெப்பமூட்டிகளைக் கொண்டுவந்து ஒரு கிழமை எரியவிட்டார்கள். எட்டாம் நாள் மூன்றும் வெண்பனி மூடிக் கிடந்தன, அறை மறை ஆறு தசம் நாலில் இருந்தது. 2023 தை மாதம் கடைசிக் கடிதம் வந்தது. ஒன்பதாம் இலக்க அறையின் நிலை மறு அறிவித்தல் வரை பொறுத்துக்கொள்ளப்படுகிறது என்று அதில் இருந்தது. ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லைக் கண்டதும் குணசேகரம் கதிரையில் இருந்துவிட்டார். 1988இல் அவர் இந்த நாட்டுக்கு வந்து, அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, டுல்டுங் என்ற அதே சொல் அச்சடித்த கடதாசியோடுதான் பதினொரு வருடம் இருந்தார். இருக்க உரிமை கிடையாது, ஆனால் இப்போதைக்கு அனுப்பவில்லை என்பது அதன் பொருள். ஆறு மாதத்துக்கொரு தடவை போய்ப் புதுப்பிக்க வேண்டும். அவர் கடிதத்தை இரண்டாக மடித்து, கீழே போய், கெல்லரின் உட்பக்கத்துச் சட்டத்தில் குத்திவிட்டு வந்தார். கடதாசி அங்கேயே இருக்கட்டும், அதற்குத்தான் வந்தது என்றார்.

2024 ஜூனில் தெல்மா வந்தார். பானில் வருடாவருடம் நடக்கும் காலநிலைக் கூட்டத்தில் வடக்குக் கரையோர ஊர்களின் சார்பில் பேச அவருக்கு நாலு நிமிடம் கொடுத்திருந்தார்கள். அவர் பானுக்குப் போகாமல் விமான நிலையத்திலிருந்து நேரே கெரெஸ்ஹைமுக்கு வந்தார். குமுதினி சமைத்த சோறும் திருக்கைமீன் கறியும் சாப்பிட்டார். கறியில் மிளகாய்த்தூளைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள்; தெரிந்துகொண்டு, குறைக்க வேண்டாம் என்று இரண்டாம் முறை போட்டபோது தூள் கேட்டார். பிறகு கெல்லரைக் காட்டச் சொன்னார். குணசேகரம் முன்னால் போனார், தெல்மா நடுவில், நிலக்சி கடைசியாக. குமுதினி படியில் நின்றுகொண்டார். வெளியே இருபத்தொன்பது பாகை. கதவு திறந்ததும் தெல்மா கையுறை போடாமல் உள்ளே போய், சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். நேரம் போனது. வெண்பனி அவருடைய கை வெப்பத்துக்கு உருகவில்லை; கையைச் சுற்றிப் பூத்து வந்து மணிக்கட்டில் நின்றது. இதுதான் என்று அவர் தலையசைத்தார். பிறகு நிலக்சியின் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், ஆங்கிலத்தில், நிறுத்தாமல் பேசினார். பேசி முடித்ததும் குணசேகரம், அவ என்ன சொல்லுறா என்று கேட்டார்.

நிலக்சி, அவர் கோபமாக இருக்கிறார் அப்பா என்றாள்.

“அவ்வளவு நேரம் கதைச்சவ. நீ ரெண்டு சொல்லிலை முடிச்சுப்போட்டாய்” என்றார் குணசேகரம். “சுருக்காதை, பிள்ளை. முழுக்கச் சொல்லு.”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு முழுக்கச் சொன்னாள். தெல்மா சொன்னதை, தெல்மா சொன்ன ஒழுங்கிலேயே, தன்னை நீ என்று அழைத்துக்கொண்டு தமிழில் சொன்னாள்.

“நீ என்ரை மேசையிலை சாப்பிட்டனி. எனக்குப் பின்னாலை ஏணியாலை இறங்கினனி. நாலும் இருபத்தைஞ்சும் எண்டு உனக்குத் தெரியும். எங்களுக்கு இருபது எண்டு சொன்னனி. ரெண்டு எண்ணை எங்களாலை தாங்கேலாது எண்டு நினைச்சாய். நாங்கள் கடல் ஐஸுக்கு மேலை நடக்கிற ஆக்கள். ஒவ்வொரு அடியும் தாங்கும், தாங்காது எண்டு ரெண்டையும் நினைச்சுத்தான் வைக்கிறம். பிறந்த நாளிலையிருந்து எங்களுக்கு அதுதான் பாடம். அதை நீ எங்களிட்டைக் கேக்கேல்லை. என்ரை தம்பி பத்தொன்பது நாள் மிசினிலை மூச்சு விட்டவன். நீ தொலைபேசியிலை மன்னிப்புக் கேட்டாய். உன்னோடை கோவிக்கிறதுக்கு நீ எனக்கு முன்னாலை நிக்கவேணும் எண்டு ரெண்டு வருசம் பொறுத்திருந்தனான்.”

சொல்லி முடித்தபோது அவளுடைய பற்கள் கிடுகிடுத்துக்கொண்டிருந்தன. குளிரும் ஒரு காரணம். படியில் நின்ற குமுதினி தன் சால்வையைக் கழற்றிக் கொடுக்க இறங்கிவந்தவர், மகளுக்குக் கொடுக்காமல் தெல்மாவின் தோளில் போட்டார். பிறகு குணசேகரம் தெல்மாவைப் பார்த்துத் தமிழில் பேசத் தொடங்கினார், நிலக்சி அதையும் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். தன் அகதி விசாரணையில் தான் நாற்பது நிமிடம் பேசியதாகவும், எந்தத் திகதியில் எது நடந்தது, எது தனக்குச் சரியாகத் தெரியும், எது தெரியாது என்று பிரித்துப் பிரித்துச் சொன்னதாகவும், மொழிபெயர்க்க வந்த தமிழ்ப் பொடியன் அதை மூன்று வசனமாகச் சொன்னதாகவும் சொன்னார். அவன் கெட்டவன் அல்ல. அதிகாரிக்கு அலுக்கக்கூடாது, விளங்கவேண்டும், அண்ணைக்கு நல்லது நடக்கவேண்டும் என்றுதான் சுருக்கினான். தெரியாது என்று இவர் சொன்ன ஒரு திகதியை அவன் தெரியும் என்று சொன்னான். அந்தத் திகதி பிழையென்று விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். பதினொரு வருடம் போனது. நிலக்சி இந்தக் கதையை அதுவரை கேட்டதில்லை.

அந்தப் பொடியனைப் பிறகு கண்டீர்களா என்று தெல்மா கேட்டார். ஓம், ஒரு கலியாண வீட்டில் கண்டேன், என்னைக் கண்டுவிட்டு அவன் அடுத்த பந்தியில் போய் இருந்தான் என்றார் குணசேகரம். அவன் வந்து நேரில் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று தெல்மா கேட்டார்.

“பதினொரு வருசம் திரும்பி வந்திராது” என்றார் குணசேகரம். “ஆனா பக்கத்திலை இருத்திச் சாப்பிட்டிருப்பன்.”

தெல்மா இதைக் கேட்டுச் சுவரிலிருந்து கையை எடுத்தார். நிலக்சி, குளிரைத் திரும்பக் கொண்டுபோக ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள்; குளிர் போகாமல் காப்பிட்ட பெட்டகம், கப்பல் வழி, அதற்கான அன்ட்ராக் என்ற விண்ணப்பப் படிவம் எல்லாம் தயாராக இருந்தன. தெல்மா வேண்டாம் என்றார். கொண்டுபோய் எதில் வைப்பது, நிலம் தண்ணீராகக் கிடக்கிறது, இங்கே அதைக் கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும் என்றார். திரும்ப வர வேண்டியது நிலக்சி என்றும், அதே மண்டபத்தில், அதே இடத்தில் நிற்க வேண்டும் என்றும் சொன்னார். பானில் அவர் தன் நாலு நிமிடத்தில் மூன்றைப் பேசிவிட்டு, மிச்ச ஒரு நிமிடமும் அப்படியே நின்றார். கூட்டத்துக்கு வந்தவர்களில் பதினேழு பேர் அந்தக் கிழமை ரயிலேறி வந்து ஒன்பதாம் இலக்கத்தைப் பார்த்தார்கள். ஒருவர் இதை மற்ற நகரங்களிலும் செய்ய முடியுமா என்று விசாரித்தார். மற்றவர்கள் நின்று பார்த்துவிட்டு, வெளியே வந்து வெயிலில் கையைத் தேய்த்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் நிலக்சி போனாள். நிறுவனம் பயணத்துக்கு ஒப்பவில்லை. விடுமுறை எடுத்துப் போனாள். விளையாட்டு மண்டபத்தில் நூற்றிருபது பேர் இருந்தார்கள். திரை ஒன்றும் வைக்கவில்லை. 2018இல் தான் இந்த இடத்தில் நின்று சொன்னது அறிக்கையில் இருந்தது அல்ல என்றும், விளங்காது என்று நினைத்துத் தானே சுருக்கியதாகவும், அதனால் ஊர் ஒரு முடிவு எடுத்ததென்றும், நோவா என்ன பட்டார் என்பது தனக்குத் தெரியும் என்றும் சொன்னாள். ஒருவரும் கைதட்டவில்லை, எழும்பிப் போகவும் இல்லை. பின்வரிசையில் இருந்த நோவா, பேச்சு இன்னும் கொஞ்சம் இழுத்தபடி, எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற நிலத்துக்கு எவ்வளவு காலம் என்று கேட்டார். அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். மூன்று வருடமாக இருக்கலாம், பதினெட்டாகவும் இருக்கலாம். இன்ன அடையாளம் கண்டால் மூன்றின் பக்கம், இன்ன அடையாளம் கண்டால் பதினெட்டின் பக்கம். மிச்சம் தெரியாது. நோவா, அப்படியா, எங்கள் மேற்குப் படிக்கட்டு இந்த வருடம் இரண்டு விரல் இறங்கியிருக்கிறதே, அது எந்தப் பக்கம் என்றார். அதிலிருந்து மண்டபம் முழுவதும் கதைக்கத் தொடங்கியது. யாருடைய கிடங்கில் சுவர் வியர்க்கிறது, எந்தக் கரை வீட்டில் போன வருடம் சாத்துப்பட்ட கதவு இந்த வருடம் சாத்துப்படவில்லை என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நிலக்சியிடம் இருந்த கருவிகளுக்குத் தெரியாத பல விடயங்கள் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. இரண்டரை மணித்தியாலம் அவள் எழுதிக்கொண்டேயிருந்தாள். முடிவில் நோவா வந்து, தனக்குப் பக்கத்துக் கதிரையை இடது கையால் இழுத்துப் போட்டார். வாத்துச் சூப் ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டார்கள்.

அந்த மாரியில் ஊரின் மிச்ச ஆறு கிடங்குகளின் மூடியிலும், உருக இன்னும் எத்தனை வருடம் என்று சிவப்பு மையால் இரண்டு எண்கள் எழுதினார்கள், குறைந்தது ஒன்று, கூடியது ஒன்று. ஒவ்வொரு வசந்தத்திலும் ஊர்க்காரரும் நிலக்சியும் கதைத்து அவற்றை அழித்துப் புதிதாக எழுதுவதென்று முடிவாயிற்று. சபை முன்பே கேட்டிருந்த பொதுக் குளிரறைச் சாமான் அந்த வருடத் தெப்பக்கப்பலில் வந்து இறங்கி, வசந்தத்துக்குள் அறை கட்டி முடிந்தது. நிறுவனம் நிலக்சியின் ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. ஊர்ச் சபை அவளைத் தங்கள் ஆளாக வைத்துக்கொண்டது. அவள் வருடத்தில் பாதியை அங்கேயும் பாதியை டுசல்டோர்ஃபிலும் கழிக்கத் தொடங்கினாள். கெரெஸ்ஹைம் கட்டடத்தில் இருந்தவர்களுக்கும் அவள் அதே மாதிரி விளக்கினாள்: இன்னும் குளிர் வரலாம், வராமலும் விடலாம், வந்தால் மூடிகளில் எழுதிய இரண்டு எண்களுக்கு நடுவில் எந்த வருடத்திலும் வரலாம், எந்த அறைக்கு என்று தெரியாது. அவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

2025 வசந்தத்தில், தெல்மாவின் மச்சான் முறையானவரின் கிடங்கு மூடியில் இருந்த சிறிய எண் ஒன்றாக இறங்கியது. ஜூன் மாதமே அந்தக் குடும்பம் இறைச்சி முழுவதையும் பொதுக் குளிரறைக்கு மாற்றிவிட்டது. ஜூலை 22ஆம் திகதி கிடங்குக்குள் தண்ணீர் வந்தபோது அங்கே ஏணியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அன்று பின்னேரம் கெரெஸ்ஹைமில் வெங்காயம் எடுக்கப் போன திருமதி ஹோல்ஷர், எட்டாம் இலக்கத்தின் சட்டத்துக்குள்ளால் விரலை விட்டு, குளிர் கடித்ததும் மேலே வந்து, குமுதினியின் கதவைத் தட்டினார். எண்பத்தொரு வயது, முழங்கால் வருத்தம். வெங்காயத்தையும் பழப்பாகுப் போத்தல்களையும் ஏற்றிக்கொண்டு வர ஆள் வேண்டும் என்றார். குணசேகரம் நாலு தடவை ஏறி இறங்கி அவற்றை அவருடைய சமையலறையில் அடுக்கிக் கொடுத்தார். கடைசித் தடவை திருமதி ஹோல்ஷரும் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு கூடவே இறங்கினார். வெறும் அறையைச் சுற்றிப் பார்த்து, மூலையில் கிடந்த தும்பைக் கூட்டி அள்ளினார். பிறகு, வந்திருப்பவர் எங்கேயிருந்து என்று கேட்டார். குணசேகரம் சொன்னார். தூரம்தான் என்று தலையாட்டிவிட்டு, அவர் விளக்கை அணைத்து, கதவை மெதுவாகச் சாத்தினார்.